மம்சாபுரத்துப் பாறைக் குடிகள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் நெடுஞ்சாலையைவிட்டு மேற்கே விலகி, மலையடிவாரத்தை அண்டிக் கிடக்கும் எங்கள் மம்சாபுரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும், மழை நிறைந்த வருஷங்களில் ததும்பும் கண்மாய்களையும், மேற்கு வானத்தை மறித்து நிற்கும் மலைத்தொடரையும் சொல்லி மகிழ்வார்களேயன்றி, தோப்புக்கும் மலைக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் கற்பாறைகளையும் கரடுகளையும் ஒரு பொருட்டாக எண்ணிப் பேசி நான் கேட்டதில்லை. அங்கே போகிறவர் கண்ணில் முதலில் படுவது கல். அடுத்துக் காலில் படுவது முள். ஆனால் அந்தக் கல்லின்மேல் எந்தச் செடி எந்தச் செடியோடு சேர்ந்து வாழ்கிறது, எதை விட்டு எது விலகி நிற்கிறது, மண்ணின் ஆழம் ஒரு சாண் குறைந்தால் அந்தக் கூட்டத்திலிருந்து எது நீங்கி எது வந்து சேர்கிறது என்று சற்றே பொறுமையோடு கவனித்தால், அடர்ந்த காட்டிலும் காண அரிதான ஓர் ஒழுங்கு அங்கே இருப்பது புலனாகும். அந்த ஒழுங்கைப் பற்றியும், அதை வகுத்துக் காட்ட முயன்ற சாஸ்திரங்களைப் பற்றியும், அந்த வகுப்பு முறைகளில் நம் ஊர்ப் பாறைகளுக்கு நேர்ந்திருக்கும் ஒரு குறையைப் பற்றியும் நெடுநாளாக எழுத வேண்டுமென்று இருந்ததை இப்போது எழுதுகிறேன்.

தாவர சாஸ்திரத்தில் இரண்டு வேறு காரியங்கள் உண்டு. ஒவ்வொரு செடிக்கும் பெயரும் குலமும் நிர்ணயித்து எழுதுவது ஒன்று. கேம்பிள் 1915-ல் தொடங்கி அவர் மறைவுக்குப்பின் ஃபிஷர் 1936-ல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூலும், திருச்சிராப்பள்ளியில் ராபினாட் ஹெர்பேரியத்தை நடத்திய மாத்யூ பாதிரியார் 1980-களில் தொகுதி தொகுதியாக வெளியிட்ட நூலும் அந்தக் காரியத்தின் உயர்ந்த பலன்கள். ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் அது இன்னதென்று அவை சொல்லிவிடும். ஆனால் அந்தக் கிளையைத் தாங்கிய புதர் யாரோடு கூடி நின்றது என்பதும், அந்தக் கூட்டு தற்செயலானதா, திரும்பத் திரும்ப வேறு பாறைகளிலும் அப்படியே காணப்படுவதா என்பதும் இரண்டாவது காரியத்தைச் சேர்ந்தவை. தாவர சமூகங்களை வகைப்படுத்துதல் என்று சொல்லப்படுவது இதுவே.

இந்தியக் காடுகளைப் பொறுத்தமட்டில் இதற்கு அஸ்திவாரம் போட்டவர் ஹாரி சாம்பியன் என்ற வன அதிகாரி. இந்தியாவுக்கும் பர்மாவுக்குமாக 1936-ல் அவர் வெளியிட்ட பூர்வாங்க ஆய்வு, எஸ். கே. சேத் என்பவரின் கூட்டுறவோடு 1968-ல் திருத்தி விரிக்கப்பட்டது. நம் காடுகளை 16 பெருந்தொகுதிகளாகவும், அவற்றினுள் பல உட்பிரிவுகளாகவும் அது வகுத்தது. வனத்துறையார் இன்றைக்கும் அந்த எண்களைக் கொண்டே காட்டைக் குறிப்பிடுகிறார்கள். மம்சாபுரத்துத் தோப்புகளைக் கடந்து மலையை நோக்கி நடக்கிறவர் முதலில் கால் வைப்பது ஆறாம் தொகுதியான முட்காட்டில். செண்பகத்தோப்புப் பக்கம் ஏற ஏற அது ஐந்தாம் தொகுதியான வறண்ட இலையுதிர் காடாக மாறி, வெக்காலியும் பொரசும் தலைகாட்டத் தொடங்கும். நம் தென்பாண்டிச் சீமைக்கே உரிய உடை மரம், குடை பிடித்தாற்போல் தலை தட்டையாக விரிந்து நிற்கும் அந்த மரம், இந்தப் பட்டியலில் தனியாக ஓர் இடமே பெற்றிருக்கிறது: கர்நாடகக் குடைவேல் காடு என்பது அதன் பெயர். இங்கே கர்நாடகம் என்றது பழைய வழக்குப்படி நம் கிழக்குச் சமவெளியையே.

அந்தப் பட்டியலில் எண்களுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு காடு அந்தப் பிரதேசத்தின் மழையாலும் வெயிலாலும் அவ்வாறு அமைந்தது என்றால் அதற்கு ‘சி’ என்ற எழுத்து. அடியிலுள்ள மண்ணின் அல்லது கல்லின் விசேஷத்தால் அமைந்தது என்றால் ‘இ’. முன்பு நல்ல காடாக இருந்து, வெட்டியும் மேய்த்தும் எரித்தும் தாழ்ந்துபோனது என்றால் ‘டி எஸ்’. கள்ளிக்காட்டுக்கு மண்ணால் அமைந்தவற்றின் வரிசையிலும் ஓர் இடம் உண்டு என்றாலும், தெற்குக் கள்ளிப் புதர் என்று நம் பக்கத்தைக் குறித்துப் பெயரிடப்பட்டது நிற்பதென்னவோ தாழ்ந்துபோனவற்றின் வரிசையில்தான். ஒரு கரட்டின்மேல் சதுரக்கள்ளியும் முள்கிளுவையும் பிரண்டையும் சேர்ந்து நின்றால், இந்த வகுப்பு முறையைக் கையில் வைத்திருப்பவர் அதைக் கெட்டுப்போன காடு என்று எழுதிக்கொண்டு போவது சுலபம். அது எப்போதும் உண்மையன்று என்பதே என் அபிப்பிராயம். இந்தப் பதிவின் பாரம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தின்மேல்தான் நிற்கிறது.

சாம்பியனின் முறைக்கு வேறொரு மாற்றும் நம் நாட்டிலேயே தோன்றியது. 1955-ல் பாண்டிச்சேரியில் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் கோஸ்ஸேன், லெக்ரி, வியார் முதலியோர் தாவரங்களைத் தேசப்படத்தில் தீட்டும் பெரும் பணியை மேற்கொண்டார்கள். கன்னியாகுமரித் தாள் 1961-ல் வெளிவந்தது. காடு இன்று இருக்கும் நிலையை மட்டும் பாராமல், புதராகவும் முட்காடாகவும் திறந்த காடாகவும் அது கடந்துவரக்கூடிய எல்லா நிலைகளையும் ஒரே தொடராகக் கோத்து, அந்தத் தொடருக்கு அதன் முக்கியமான மரங்களின் பெயரையே இட்டது அவர்களுடைய சிறப்பு. உசிலும் வேலும் சேர்ந்த தொடர் அவற்றுள் ஒன்று. அரப்பு என்று நாம் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் இலையின் மரமாகிய அந்த உசில், ஒரு சர்வதேச வரைபடத்தில் நிலத்துக்குப் பெயர் கொடுத்து நிற்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தின் அளவு பத்து லட்சத்துக்கு ஒன்று. ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் பிரிக்கும் தூரம் முழுவதும் அதில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும் என்னும்போது, எங்கள் ஊர்ப் பாறை ஒன்றுக்கு அதில் ஊசிமுனை இடமும் கிடைப்பதற்கில்லை.

கோஸ்ஸேன் சொன்ன வேறொரு விதி இந்த விஷயத்துக்கு மிகவும் பயன்படும். ஒரு மாதத்தில் பெய்த மழையின் மில்லிமீட்டர் அளவு, அந்த மாதத்துச் சராசரி வெப்பத்தின் செல்சியஸ் அளவைப் போல் இரண்டு மடங்குக்குக் குறைந்தால் அது வறண்ட மாதம் என்றார் அவர். வெப்பம் 30 டிகிரி என்றால் மழை 60 மில்லிமீட்டராவது பெய்திருக்க வேண்டும். மேற்கு மலை தென்மேற்குப் பருவக்காற்றை மறித்துக்கொள்ள, ஐப்பசி, கார்த்திகை மழையையே பெரிதும் நம்பியிருக்கும் எங்கள் பக்கத்தில் இந்தக் கணக்குப்படி வறண்ட மாதங்களே மிகுதி. ஆயினும் பாறையை இந்த விதியும் முழுமையாக அளப்பதில்லை. தோட்டத்து மண்ணில் விழுந்த மழை பல நாள் தங்கும். சாய்ந்த கல்லின்மேல் விழுந்த மழை நாழிகைப் பொழுதில் ஓடிவிடும். அடைமழை மாதத்திலேகூட இரண்டு நாள் வெயில் அடித்தால் பாறையின் மேல் தோல் பாலைவனமாகிவிடுகிறது. வெப்ப நாடுகளின் பாறைகளில் நண்பகலில் வெம்மை 60 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு என்று அளந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனவே பாறையின் வறட்சி வானத்தால் வந்த வறட்சியன்று, கல்லால் வந்த வறட்சி. மலைமேல் மழை எவ்வளவு பெருகினாலும் அந்தப் பாறைமேல் காடு முளைக்கப்போவதில்லை; அது அங்கே ஒரு காலத்தில் முளைத்திருந்து அழிந்ததும் இல்லை.

இனிப் பாறைக்கே போவோம். இந்த மலைத்தொடரின் எலும்பு சார்னோக்கைட்டும் நைஸும். சார்னோக்கைட் என்ற பெயர், கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்பட்டுவந்த ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்த ஹாலண்ட் என்பவர் 1893-ல் இட்டது. அந்தக் கல்லே நம் சென்னைக்கருகிலிருந்து போனதென்று சொல்வார்கள். இந்த வகைப் பாறைகள் வெயிலில் விரிந்தும் மழையில் சுருங்கியும் பல காலத்தில் மேல்தோல் கழன்று, வழுவழுத்த முதுகும், முதுகின் குறுக்கே நீண்ட வெடிப்புகளும், இங்குமங்கும் சிறு குழிகளுமாக நிற்கின்றன. முதுகு, வெடிப்பு, குழி என்னும் இந்த மூன்றுமே அங்கே குடியிருப்பவற்றின் வாழ்வைத் தீர்மானிக்கின்றன.

வழுவழுத்த முதுகில் மேலிருந்து கீழாகக் கரிக்கோடு இழுத்தாற்போல் தெரியும் கறுப்பு வரிகளை வெறும் அழுக்கென்று நினைப்போர் உண்டு. அவை நீலப்பச்சைப் பாசிகளின் குடியிருப்பு. மழைநீர் வழிந்தோடும் தடத்தில் மட்டுமே அவை நிற்கும். தடம் அல்லாத இடங்களில் சாம்பலும் மஞ்சளுமாக ஒட்டிக்கொண்டிருப்பவை கற்பாசிகள். பாறையின் முதல் சமூகம் இதுதான். வேரும் இலையும் பூவும் இல்லாத சமூகம். வெடிப்புக்கு வந்தால் காட்சி வேறு. அங்கே சேர்ந்த மண் ஒரு கைப்பிடி அளவே என்றாலும் ஆழம் உண்டு. ஆழம் இருப்பதால் ஈரம் உண்டு. இச்சியின் வேர் வெடிப்பைப் பிடித்துக்கொண்டு பாறையின்மேல் மெழுகு வழிந்தாற்போல் இறங்கியிருக்கும். தணக்கு மரம் வெளிறிய பட்டையோடு, ஆண்டில் பெரும்பகுதி இலையில்லாமலே நிற்கும். நிழல் விழும் வெடிப்புகளில் மயிற்சிகை என்னும் சிறு பெரணி, விசிறி மடித்த இலையோடு வளரும். கோடையில் சுருண்டு பழுப்பாகிச் செத்துவிட்டது என்று நினைக்க வைத்து, முதல் மழை பெய்த ஓரிரு நாளில் மறுபடி பச்சையாக விரியும் தாவரம் அது. உலர்ந்து கிடந்து உயிர்க்கும் இந்த வித்தை அறிந்த தாவரங்கள் உலகத்தில் மிகக் குறைவு. அந்தக் குறைவானவற்றில் கணிசமானவை பாறைகளிலேதான் வாழ்கின்றன. டிரைபோகன் என்ற புல்லினமும் அந்த ஜாதியே. விரற்கடை மண் படிந்த இடத்தில் பாய் விரித்தாற்போல் அது படர்ந்திருக்கும்.

சற்று ஆழமான மண் தேங்கிய திட்டுகளில்தான் நாம் எல்லாரும் அறிந்த கூட்டம் கூடுகிறது: சதுரக்கள்ளி, முள்கிளுவை, பிரண்டை, மருள், விராலி. கள்ளியின் தண்டு பகலில் தன் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து காற்றை வாங்கிச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதை உணவாக்கிக்கொள்ளும் முறையுடையது. அந்தக் கள்ளித் தூரின் அடியில் ஆட்டின் வாய் எட்டாத நிழலில் வேறு செடிகளின் கன்றுகள் பிழைத்து நிற்பதையும், கள்ளிமுளையான் அங்கே முளைவிடுவதையும் பலமுறை கண்டிருக்கிறேன். ஆட்டுக்காரப் பிள்ளைகள் பசிக்கு ஒடித்துத் தின்னும் அந்தக் கள்ளிமுளையானின் சாற்றை, உடல் இளைக்கும் மருந்தென்று மேல்நாடுகளில் மாத்திரையாக விற்கிறார்கள்.

குழிகள் மழைக்காலத்தில் மட்டும் சமூகமாகின்றன. தண்ணீர் கசியும் சரிவுகளிலும் ஆழமற்ற பள்ளங்களிலும், தென்னிந்தியப் பாறைகள் பலவற்றில், பூச்சியைப் பிடித்து உண்ணும் அழுகண்ணியும் அதன் தோழர்களான நுண்ணிய செடிகளும் சில வாரம் வாழ்ந்து, விதையை விட்டுவிட்டு மறைந்துபோகும். கல்லில் சத்து இல்லை. ஆகவே பூச்சியிலிருந்து சத்தைத் தேடிக்கொள்ளும் செடி அங்கே வாழ்வது நியாயமே. அடிவாரத்துக் கரட்டுமண்ணில் இறங்கியதும் காரையும் சூரையும் விடத்தலையும் வெள்வேலும் உடையும் உசிலும் வந்துவிடுகின்றன. பாறை முடிந்தது, முட்காடு தொடங்கிற்று. அதற்கும் கீழே, எங்கெல்லாம் மண்ணைக் கிளறிப்போட்டார்களோ அங்கெல்லாம் வேலிக்காத்தான்.

ஐரோப்பாவில் இத்தகைய காட்சிகளைக் கணக்கில் கொண்டுவந்த பெரியவர் பிரவுன்-பிளாங்கே. சுவிட்சர்லாந்தில் 1884-ல் பிறந்து, பிரான்ஸில் மோன்பெலியே நகரத்தில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த அவர் 1928-ல் தாவர சமூகவியல் நூலை வெளியிட்டார். அவர் முறை எளியது. ஒரே சீரான ஓரிடத்தில் ஒரு சதுரம் அளந்து, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு தாவரத்தையும் எழுதி, நிலத்தில் எவ்வளவு பங்கை அது மூடியிருக்கிறது என்று மதிப்பெண் இட வேண்டும்: நூற்றுக்கு 5-க்குக் குறைந்தால் 1, 25 வரை 2, 50 வரை 3, 75 வரை 4, அதற்குமேல் 5. இவ்வாறு பல சதுரங்களை எடுத்து ஒரே அட்டவணையில் அடுக்கி வரிசை மாற்றிப் பார்த்தால், சில செடிகள் எப்போதும் சேர்ந்தே வருவதும் சில ஒரு கூட்டத்தில் மட்டுமே தோன்றுவதும் தெரியவரும். அந்தத் தனித்த செடிகளே சமூகத்தின் அடையாளம். அவ்வழியில் ஐரோப்பியப் பாறை வெடிப்புகளின் தாவரங்களுக்கு அஸ்பிளீனியம் என்ற பெரணியின் பெயரால் ஒரு பெரும் வகுப்பே ஏற்படுத்தப்பட்டது. அங்கே அஸ்பிளீனியம் வகிக்கும் ஸ்தானத்தை இங்கே மயிற்சிகை வகிக்கிறது. குலம் வேறு, தேசம் வேறு, தொழில் ஒன்றே.

வெப்ப நாட்டுப் பாறைக் குன்றுகளை ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் ஆராய்ந்த ஜெர்மானியர்களான போரெம்ப்ஸ்கியும் பார்த்லாட்டும் 2000-ல் வெளியிட்ட பெருநூல் இன்னும் நமக்கு நெருக்கமானது. பாசிப் படலம், வெடிப்பு, பாய்ப் படர்வு, பருவக் கசிவு, சுனை, மண் நிறைந்த பள்ளம் என்று இருப்பிடத்தை முதலில் பிரித்துக்கொண்டு, பிறகே அதில் வாழ்வோரை எண்ணும் முறையை அந்த ஆய்வாளர்கள் கையாண்டார்கள். மம்சாபுரத்துப் பாறையை நான் மேலே விவரித்த வரிசையும் ஏறத்தாழ அதுவே. தாவர சமூகம் என்பது மெய்யாகவே இயற்கையில் இருக்கும் ஒரு பொருளா, ஆராய்கிறவன் மனம் இட்ட கோடா என்று அமெரிக்காவில் கிளெமென்ட்ஸ் கட்சியும் கிளீசன் கட்சியும் நெடுங்காலம் வாதிட்டன. சமவெளிக் காட்டில் நின்று கேட்டால் அது கடினமான கேள்விதான். ஒன்று மற்றொன்றாக மெல்ல மெல்லக் கரைந்துபோகிறது. பாறையின்மேல் நின்று கேட்டால் விடை காலடியிலேயே இருக்கிறது: டிரைபோகன் பாய் முடியும் இடத்தையும் கள்ளித்திட்டு தொடங்கும் இடத்தையும் ஒரு விரலால் தொட்டுக் காட்டலாம்.

ஆனால் சதுரம் அளப்பவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. செண்பகத்தோப்புப் பாதையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம், “அண்ணாச்சி, இந்தக் கல்லு மேல ஆடு ஏறுமா?” என்று ஒருமுறை கேட்டேன். “கார்த்திகையில ஏறும் தம்பி. சித்திரையில அங்க என்ன கெடக்கு? கல்லுங் கள்ளியுந்தான். அப்ப உசிலு நெழலுக்குப் போயிரணும்” என்றார். அவர் சொன்னது மேய்ச்சல் கணக்கு. ஆனால் அதுவே தாவரக் கணக்கும் ஆகும். சித்திரையில் ஒரு பள்ளத்தில் சதுரம் போட்டால் அட்டவணையில் ஒரு பெயரும் ஏறாது. அதே சதுரம் கார்த்திகையில் கொள்ளாது. பாறையின் சமூகங்களில் பாதி காலத்தில் வாழ்கின்றன, இடத்தில் மட்டும் அல்ல.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் என்பது என்னை மிகவும் நெகிழ்விக்கும் விஷயம். திணையை வகுத்த தொல்காப்பியர், முதற்பொருள் என்று நிலத்தை மட்டும் வைக்கவில்லை. நிலத்தோடு பொழுதையும் வைத்தார். மரமும் பூவும் விலங்கும் அதற்குப் பின் கருப்பொருளாக வருகின்றன. நானிலத்துக்கு நிலம் வகுத்தவர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. குறிஞ்சியும் முல்லையும் வேனிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பதைச் சிலப்பதிகாரம் பின்னாளில் எடுத்துச் சொன்னது. அகத்திணைக்காக எழுந்த இலக்கணம் அது. தாவர சாஸ்திரமாக எழுதப்பட்டதன்று. ஆயினும் ஒரு நிலம் தன் இயல்பு குலைந்து வேறொன்றாவதையும், பருவம் மாறினால் அது மீள்வதையும் ஒருங்கே கண்ட பார்வை அதில் இருக்கிறது. சாம்பியன் ‘டி எஸ்’ என்று எழுதியபோது முதற்பாதியை மட்டும் கண்டார்.

மம்சாபுரத்து அடிவாரத்தில் தாழ்ந்துபோன காடு இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. விறகுக்கு வெட்டுப்பட்டு, ஒரே தூரிலிருந்து நாலைந்து கொம்பாகத் துளிர்த்து நிற்கும் உசிலையும் பொரசையும் காண்கிறவர், அங்கே முன்பு காடு இருந்தது என்பதை மறுக்க முடியாது. அந்த இடத்தில் கடப்பாரையைக் குத்தினால் முழங்கை ஆழம் இறங்கும்; வேலி போட்டு ஆட்டை விலக்கினால் காடு திரும்பும். அதற்கு நூறு அடி மேலே, கடப்பாரை இரண்டு விரற்கடையில் கல்லில் முட்டும் இடத்தில், வெட்டுப்பட்ட தூர் ஒன்றுகூட இராது; மயிற்சிகையும் டிரைபோகனும் கற்பாசியும், வேறெங்கும் வாழ முடியாத குடிகள், தலைமுறை தலைமுறையாக இருந்துவரும். இரண்டையும் ஒரே பெயரால் எழுதுவதன் விளைவு காகிதத்தோடு நின்றுவிடுவதில்லை. மத்திய அரசின் தரிசு நில வரைபட நூலில் பாறையும் கல்லும் நிறைந்த நிலம் தரிசின் ஒரு வகையாகவே எண்ணப்படுகிறது. வருவாய்க் கணக்கில் அது புறம்போக்கு. தரிசு என்று எழுதப்பட்ட இடத்தில் யாரேனும் நல்ல மனதோடு குழி தோண்டி, வெளியூர் மரக்கன்றை நட்டு, தண்ணீர் ஊற்றி, மண் திட்டைக் கிளறி வேலிக்காத்தானுக்கு வழி திறந்துவிடுகிறார். அல்லது வெடி வைத்துச் சல்லியாக்கி லாரியில் ஏற்றுகிறார். மலையின் உட்பகுதிக்கு 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம் என்ற காவல் உண்டு. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் என்ற காவலும் சேர்ந்தது. அந்த எல்லைக்கு வெளியே ஊர்ப்பக்கம் கிடக்கும் கரடுகளுக்கு ஒரு காவலும் இல்லை.

ஆகவே இப்பக்கத்துக் கல்லூரிகளில் தாவரவியல் பயிலும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. காப்பகத்தின் உள்ளே போக வனத்துறையின் அனுமதி வேண்டும். ஊர்க் கரடுகளிலும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே திருவண்ணாமலைக் குன்றிலும் இந்த வேலையைத் தொடங்க அவ்வளவு சிரமமில்லை. கயிற்றால் சதுரம் கட்டுங்கள். புதர்த் திட்டுக்கு ஐந்து மீட்டர், பாய்ப் படர்வுக்கும் பள்ளத்துக்கும் ஒரு மீட்டர் போதும். மூலையில் அழியாத வண்ணத்தால் ஒரு புள்ளி வையுங்கள், அதே சதுரத்துக்குத் திரும்பி வருவதற்காக. செடியின் பெயரோடு மண்ணின் ஆழத்தையும் கல்லின் சரிவையும் வெயில் விழும் திசையையும் வெட்டுப்பட்ட தூர் உண்டா இல்லையா என்பதையும் எழுதுங்கள். கார்த்திகையிலும் தையிலும் சித்திரையிலும் ஆடியிலும் அதே சதுரத்தை எழுதி, நான்கையும் ஒரே அட்டவணையில் அடுக்குங்கள். மாதத்தின் பெயர் அந்த அட்டவணையில் முதல் வரியாக இருக்கட்டும்.